தீராத நோயும் தீர்க்கத்தக்க நோவும்
தணிப்புப் பராமரிப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அம்மைப்பால், கிருமிக் கொள்கை, மயக்கமருந்து, பெனிசிலின் என்ற வரிசையில் அமையும் அவ்வரலாற்றில் குணமடைந்தோருக்கு இடமுண்டு, குணமடையாதோருக்கு இடமில்லை. ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று வைத்தியர் கூறி அகன்றபின் நோயாளியின் படுக்கையருகே நிகழ்ந்தது யாது என்பதை மருத்துவ வரலாற்று நூல்கள் நெடுங்காலம் வினாவவேயில்லை. அவ்வினாவை எழுப்பி, அதற்கு விடைகாண முற்பட்டவர்களின் முயற்சியே இன்று தணிப்புப் பராமரிப்பு என வழங்கும் துறையாக வளர்ந்துள்ளது.

இத்துறையின் தோற்றத்தை ஆராய்வோர் முதலில் ஒரு முரண்பாட்டை எதிர்கொள்ள வேண்டியவராகின்றனர். அபினியின் நோவகற்றும் ஆற்றலைப் பண்டைய நாகரிகங்கள் அறிந்திருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஜேர்மனியரான சேர்ட்யூர்னர் அதிலிருந்து மோர்பினைப் பிரித்தெடுத்தார். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஊசிமூலம் மருந்தேற்றும் முறையும் வந்துவிட்டது. ஆயினும் அதற்கும் நூறு ஆண்டுகளின் பின்னர், மருத்துவக் கல்வியிற் புகழ்பெற்ற இலண்டன் மாநகரின் வைத்தியசாலைகளிலேயே புற்றுநோயாளர் பலர் நோவினால் துடித்தபடியே இறந்தனர். மருந்து இல்லாமையால் அவர்கள் துன்புறவில்லை. மருந்து இருந்தும் துன்புற்றனர். ஆகவே இல்லாதிருந்தது மருந்தன்று, வேறொன்று என்பது பெறப்படும். அது யாது என்பதும், அதனைக் கண்டறிந்த பின்னரும் உலகின் பெரும்பகுதி அதன் பயனைப் பெறாதிருப்பது ஏன் என்பதுமே இங்கு நோக்கப்படுவன.

1. விருந்தும் இல்லமும்

‘ஹொஸ்பிஸ்’ என்ற சொல்லின் மூலமான இலத்தீன் சொல் விருந்தினரையும் விருந்தோம்புவோரையும் ஒருங்கே குறிப்பதாகும். மத்தியகால ஐரோப்பாவில் யாத்திரிகர், வறியோர், நோயுற்றோர் ஆகியோருக்குத் துறவியர் நடத்திய தங்குமடங்கள் இப்பெயரைப் பெற்றன. இறக்குந் தறுவாயிலுள்ளோருக்கென்றே இல்லம் அமைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே உருவாயிற்று. பிரான்சின் லியோன் நகரில் 1842 இல் ஜான் கார்னியே என்ற விதவைப் பெண் தொடங்கிய சங்கம் இவ்வகையில் முன்னோடியாகக் கொள்ளப்படுகின்றது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1879 இல் கத்தோலிக்க அருட்சகோதரியர் நிறுவிய இல்லமும், இலண்டனில் 1893 இல் தோன்றிய சென்ற் லூக்ஸ் இல்லமும், 1905 இல் கிழக்கு இலண்டனின் ஹக்னிப் பகுதியில் தோன்றிய சென்ற் ஜோசப்ஸ் ஹொஸ்பிசும் இவ்வழியில் வந்தவையே.

இவ்வில்லங்களின் தோற்றத்துக்குச் சமயப் பற்று ஒரு காரணமாயினும், அதுவே முழுக் காரணமன்று. கைத்தொழிற் புரட்சியினாற் பெருகிய நகரங்களில் வறியோர் தம் உறவினரை வைத்துப் பராமரிக்க இடமோ வசதியோ அற்றிருந்தனர். நன்கொடையினால் இயங்கிய பிரித்தானிய வைத்தியசாலைகளோ குணமாக்கத்தக்க நோயாளரையே பெரிதும் விரும்பின. இறப்போர் தொகை மிகுவது அவற்றின் புகழுக்கு இழுக்காயிற்று. எனவே தீரா நோயுற்ற ஏழைக்கு வறியோர் விடுதியைத் தவிரப் போக்கிடம் அரிதாயிருந்தது. அவ்விடைவெளியை நிரப்பியவையே இறப்போர் இல்லங்கள்.

அவற்றிலே பரிவு இருந்தது, அமைதி இருந்தது, தூய்மையும் இருந்தது. ஆனால் அங்கு நிகழ்ந்தவை முறையாகப் பதிவுசெய்யப்படவில்லை. எந்த மருந்து எவ்வளவில் எவருக்குப் பயன்பட்டது என்ற வினா அங்கு ஆராய்ச்சி வினாவாக எழவில்லை. மருத்துவக் கல்லூரிகளில் அறிவு இருந்தது, அவ்வறிவு இறப்போரை நாடவில்லை. இல்லங்களில் இறப்போர் இருந்தனர், அவர்களை அறிவு நாடவில்லை. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

2. தாதியாகத் தொடங்கி வைத்தியராக

அச்சந்திப்பை ஏற்படுத்தியவர் சிசிலி சோண்டர்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணியாவார். 1918 இற் பிறந்த இவர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலே அரசியல், தத்துவம், பொருளியல் ஆகியவற்றைப் பயின்றுகொண்டிருந்தபோது இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. படிப்பை இடைநிறுத்தி, இலண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் தாதிப் பயிற்சி பெற்றார். முதுகு நோவு காரணமாகத் தாதித் தொழிலைத் தொடர முடியாது போகவே, வைத்தியசாலைச் சமூகநல உத்தியோகத்தரானார். தாதி, சமூக சேவையாளர், பின்னர் வைத்தியர் என மூன்று துறைகளையும் ஒருவரே பயின்றமை தற்செயலான நிகழ்வாயினும், பின்னர் அவர் உருவாக்கிய கொள்கையின் அமைப்பை அதுவே தீர்மானித்தது எனல் தவறாகாது.

1947 இல் அவரது பொறுப்பின்கீழ் வந்த நோயாளருள் டேவிட் டாஸ்மா என்பவர் ஒருவர். வார்சோவிலிருந்து வந்த யூதரான அவர் உணவகமொன்றிற் பரிசாரகராகப் பணிபுரிந்தவர். குடும்பமோ சுற்றமோ அற்றவர். நாற்பது வயதளவில் புற்றுநோய்க்கு ஆளாகியிருந்தார். இத்தகையோர் இறப்பதற்கு எத்தகைய இடம் வேண்டும் என்பது பற்றி இருவரும் பலமுறை உரையாடினர். 1948 இல் அவர் இறந்தபோது சோண்டர்ஸின் எதிர்கால இல்லத்தில் தாம் ஒரு சாளரமாக இருப்பதாகக் கூறி 500 பவுணை விட்டுச் சென்றார். அவ்வில்லம் எழுவதற்கு மேலும் 19 ஆண்டுகள் சென்றன.

அதே ஆண்டு முதலாகச் சோண்டர்ஸ் சென்ற் லூக்ஸ் இல்லத்தில் மாலைவேளைகளிலே தொண்டராகப் பணியாற்றினார். அங்கு அவர் கண்ட ஒரு நடைமுறை வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது. ஏனைய வைத்தியசாலைகளில் நோயாளி நோவு தாங்காது கேட்டபின்னரே மோர்பின் வழங்கப்பட்டது. சென்ற் லூக்ஸ் தாதியரோ நோவு மீண்டும் எழுவதற்கு முன்னரே, குறித்த நேரத்துக்கு ஒருமுறை அதனை வாய்வழியாக வழங்கிவந்தனர். எந்த நூலிலும் இடம்பெறாத இவ்வழக்கம் அனுபவத்தினாலே விளைந்தது. பிற்கால அறிவியலின் கருதுகோள் தாதியரின் நாளாந்த வழக்கிலிருந்தே பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இறப்போரிடையே பணியாற்ற விரும்பிய சோண்டர்ஸுக்குச் சத்திரசிகிச்சை நிபுணர் நோர்மன் பரற் கூறிய அறிவுரை, மருத்துவம் பயிலுமாறே அமைந்தது. இறப்போரைக் கைவிடுபவர்கள் வைத்தியர்களே. அவர்கள் தாதியொருவரின் சொல்லுக்குச் செவிசாய்க்கப் போவதில்லை என்பதே அவ்வறிவுரையின் சாரம். அன்றைய மருத்துவ உலகின் அதிகாரப் படிநிலையை அது வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. முப்பது வயதைக் கடந்திருந்த சோண்டர்ஸ் 1951 இல் மருத்துவ மாணவியாகச் சேர்ந்து 1957 இல் வைத்தியராகத் தகைமை பெற்றார்.

3. குறிப்பேடும் கடிகாரமும்

1958 இல் ஆராய்ச்சிப் புலமைப்பரிசில் பெற்ற சோண்டர்ஸ் சென்ற் ஜோசப்ஸ் ஹொஸ்பிசில் தமது பணியைத் தொடங்கினார். அங்கு அவர் செய்தது வெளித்தோற்றத்தில் எளியதே. ஒவ்வொரு நோயாளிக்கும் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கி, நோவின் தன்மை, வழங்கிய மருந்து, அளவு, நேரம், அதன் விளைவு ஆகியவற்றை ஒழுங்காகப் பதிந்தார். நோயாளரின் சொற்களையும் ஒலிப்பதிவு செய்தார். ஏழாண்டுக் காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரின் விபரங்கள் இவ்வாறு திரண்டன.

அக்காலத்தில் மோர்பின் பற்றி வைத்தியரிடையே வேரூன்றியிருந்த நம்பிக்கைகள் இரண்டு. முன்கூட்டியே வழங்கினால் நோயாளி அதற்கு அடிமையாவான் என்பது ஒன்று. உடல் அதற்குப் பழகிவிடுவதால், உண்மையில் வேண்டப்படும் இறுதிக் கட்டத்தில் மருந்து பயனற்றுப் போகும் என்பது மற்றொன்று. எனவே இயன்றவரை தாமதித்து வழங்குவதே நன்முறை எனக் கருதப்பட்டது. இதன் விளைவு எத்தகையது? மோர்பினின் ஆற்றல் ஏறத்தாழ நான்கு மணி நேரமே நீடிப்பது. அது தீர்ந்ததும் நோவு மீள்கின்றது, நோயாளி கேட்கின்றான், காக்கவைக்கப்படுகின்றான், அச்சம் மிகுகின்றது, அச்சம் நோவைப் பெருக்குகின்றது, பெருகிய நோவை அடக்கப் பெரிய அளவு தேவைப்படுகின்றது, அப்பெரிய அளவு அவனை உறக்கத்தில் ஆழ்த்துகின்றது, விழிக்கும்போது மீண்டும் நோவு. மருந்துக்காக ஏங்கும் இந்நோயாளியைக் கண்டு, அவன் அடிமையாகிவிட்டான் என வைத்தியர் முடிவு செய்தார். எதனைத் தடுப்பதற்கென அம்முறை கைக்கொள்ளப்பட்டதோ அதன் தோற்றத்தையே அது உண்டாக்கிற்று.

சோண்டர்ஸின் பதிவுகள் இவ்வட்டத்தை உடைத்தன. நோயாளிக்கேற்ற சிறிய அளவை வாய்வழியாக, கடிகாரத்தைப் பார்த்து, ஒழுங்காக வழங்கியபோது நோவு அடங்கியது. நோயாளி விழிப்புடன் உரையாடினார். அளவு எல்லையின்றி உயரவுமில்லை. கேட்டுப் பெறவேண்டிய தேவை நீங்கியதும் ஏக்கமும் நீங்கிற்று. புதிய மருந்து எதுவும் இங்கு கண்டுபிடிக்கப்படவில்லை; மாறியது வழங்கும் நேரமும் முறையுமே. தொடக்கத்தில் எழுந்த ‘இல்லாதிருந்தது யாது’ என்ற வினாவுக்கு இதுவே விடையின் முதற்பகுதியாகும்.

விடையின் மற்றப் பகுதி 1964 அளவில் அவர் வகுத்த ‘முழுநோவு’ என்ற கருத்தாகும். நோவு பற்றி வினவப்பட்ட நோயாளி ஒருவர் தம் முதுகிலே தொடங்கி, குடும்பத்தாரின் களைப்பு, பணமுடை, மனத்தளர்வு என ஒவ்வொன்றாகக் கூறித் தாம் முழுமையும் பிழைத்துவிட்டதாக முடித்தார். உடல், உளம், சமூகம், ஆன்மிகம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னியதே நோவு என்ற கொள்கை இத்தகைய சொற்களைச் செவிமடுத்ததிலிருந்து உருவாயிற்று. நோயாளியின் கூற்றை மருத்துவச் சான்றாக ஏற்றுக்கொண்டமை இதன் சிறப்பாகும்.

4. தன் நிறுவுநரைத் திருத்திய ஆராய்ச்சி

1967 இல் தென்கிழக்கு இலண்டனின் சிடன்ஹாம் பகுதியில் சென்ற் கிறிஸ்தோபர்ஸ் ஹொஸ்பிஸ் 54 கட்டில்களுடன் திறக்கப்பட்டது. பராமரிப்பு, கற்பித்தல், ஆராய்ச்சி ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் இணைந்தமையே முன்னைய இல்லங்களிலிருந்து இதனை வேறுபடுத்திற்று. 1969 இல் வீடு தேடிச் சென்று பராமரிக்கும் சேவையும் தொடங்கப்பட்டது. இறந்தோரின் குடும்பத்தாரது துயரையும் ஆய்வுப்பொருளாகக் கொண்ட உளமருத்துவர் கொலின் மறி பார்க்ஸ் இந்நிறுவனத்தோடு இணைந்து பணியாற்றினார்.

அங்கு நிகழ்ந்த ஆராய்ச்சிகளுள் ஒன்று விரிவாக நோக்கத்தக்கது. அக்காலத்தில் பிரித்தானியாவில் இறப்போருக்கு ‘புறொம்ரன் கலவை’ எனப்பட்ட பானமொன்று வழங்கப்பட்டது. மோர்பின் அல்லது ஹெரோயின், கொக்கெயின், மதுசாரம், பாகு முதலியன சேர்ந்த இக்கலவைக்குத் தனி மகிமை உண்டென நம்பப்பட்டது. மோர்பினை விட ஹெரோயின் சிறந்ததென்ற எண்ணமும் பரவலாயிருந்தது. சோண்டர்ஸும் அவ்வெண்ணம் உடையவராகவே இருந்தார். 1971 இல் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்த றொபேட் ருவைகுறொஸ் இரு மருந்துகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 1977 இல் முடிவுகளை வெளியிட்டார். ஆற்றல் வேறுபாட்டுக்கேற்ப அளவைத் திருத்தி, ஒழுங்காக வாய்வழி வழங்கினால், ஹெரோயினுக்கு ஈடாக மோர்பின் பயன்படும் என்பதே அவர் கண்ட முடிவு. 1979 இல் கனடாவின் மொன்றியல் நகரில் மெல்சாக், மவுண்ட் முதலியோர் நடத்திய ஆய்வும் புறொம்ரன் கலவை வெறும் மோர்பின் கரைசலினும் மேம்பட்டதன்று எனக் காட்டிற்று.

இம்முடிவுகளின் முக்கியத்துவம் மருந்தியலோடு மட்டும் அடங்குவதன்று. ஹெரோயினை மருந்தாகப் பயன்படுத்துவதற்குப் பெரும்பாலான நாடுகளின் சட்டம் இடமளிக்கவில்லை. இறப்போரின் நோவை அடக்க ஹெரோயினும் கொக்கெயினும் இன்றியமையாதன என நிறுவப்பட்டிருப்பின், இப்பராமரிப்பு பிரித்தானியாவின் எல்லைக்குள்ளேயே அடங்கிப் போயிருக்கும். மலிவானதும் எளிதில் தயாரிக்கத்தக்கதுமான மோர்பின் கரைசல் போதுமென்ற முடிவே இவ்வறிவை உலகின் வறிய நாடுகளுக்கும் உரியதாக்கிற்று. நிறுவுநரின் எண்ணத்தை அவர் நிறுவிய இடத்தின் ஆய்வே திருத்தியது. அவரும் அதனை ஏற்றுக்கொண்டார்.

5. பெயரும் பரவலும்

மொன்றியல் றோயல் விக்ரோறியா வைத்தியசாலையின் சத்திரசிகிச்சையாளரான பல்பர் மவுண்ட், தமது வைத்தியசாலையிலேயே இறப்போரின் தேவைகள் புறக்கணிக்கப்படுவதை ஆய்வொன்றின் மூலம் கண்டறிந்து, 1975 இல் அங்கு தனிப்பிரிவொன்றைத் தொடங்கினார். பிரெஞ்சு மொழியில் ‘ஹொஸ்பிஸ்’ என்ற சொல் ஆதரவற்றோர் விடுதியை நினைவூட்டி இழிவுப் பொருள் தந்தமையால், போர்வையைக் குறிக்கும் இலத்தீன் அடியிலிருந்து வந்த ‘பலியற்றிவ்’ என்ற சொல்லை அவர் தேர்ந்தார். தணிப்புப் பராமரிப்பு என இன்று வழங்குவது அதுவே. இடத்தைக் குறித்த பெயர் நீங்கி, செயலைக் குறித்த பெயர் நிலைபெற்றமையால், கட்டடம் இல்லாத இடத்திலும் இப்பராமரிப்பு இயலும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

1986 இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் நோவு நிவாரணம் பற்றிய கைந்நூலை வெளியிட்டது. எளிய நோவகற்றி, மென்மையான அபினி வகை, வலிய அபினி வகை என்ற ‘மூன்று படி ஏணி’ அதிலே விளக்கப்பட்டது. வாய்வழி, நேரப்படி, படிமுறைப்படி என்ற மூன்று விதிகளில் சென்ற் ஜோசப்ஸ் குறிப்பேடுகளின் பயன் சுருங்கியமைந்தது. அடுத்த ஆண்டிலே பிரித்தானியாவில் தணிப்பு மருத்துவம் தனித்துறையாக ஏற்கப்பட்டது.

எனினும் அறிவு பெருகியதால் மட்டும் நடைமுறை மாறிவிடவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் ஐந்து வைத்தியசாலைகளில் 9,105 கடும் நோயாளரை உள்ளடக்கிய ஆய்வொன்று 1995 இல் வெளியாயிற்று. நோயாளரின் நிலையையும் விருப்பங்களையும் வைத்தியருக்கு அறிவிக்கத் தாதியரை நியமித்தும், நோவிலோ சிகிச்சை முறையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை என்பது அதன் முடிவு. மறுபுறத்தில், 2010 இல் வெளியான 151 நுரையீரற் புற்றுநோயாளர் பற்றிய அமெரிக்க ஆய்வு, நோய் கண்டறியப்பட்ட காலந்தொட்டே தணிப்புப் பராமரிப்புப் பெற்றோரின் வாழ்க்கைத் தரம் உயர்ந்ததெனக் காட்டியது. அவர்களது இடைநிலை ஆயுட்காலம் 11.6 மாதமாகவும் ஏனையோரது 8.9 மாதமாகவும் இருந்தன. தணிப்புப் பராமரிப்பு என்பது தோல்வியை ஒப்புக்கொள்வது என்ற எண்ணத்துக்கு இது தக்க மறுப்பாயிற்று.

6. இரு பிறழ்வுகள்

ஒரு துறையின் வரலாற்றை அதன் பிறழ்வுகளையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். ஹொஸ்பிஸ் நடைமுறையைப் பொது வைத்தியசாலைகளுக்குக் கொண்டுசெல்லும் நோக்குடன் 1990 களில் ‘லிவர்பூல் பராமரிப்பு வழி’ என்ற நடைமுறைக் கோவை பிரித்தானியாவில் உருவாக்கப்பட்டது. நோக்கம் நன்றே. ஆயின் பயிற்சியும் நேரமும் அற்ற வாட்டுகளிலே அது படிவத்தில் அடையாளமிடும் சடங்காகத் தாழ்ந்தது; நீரும் உணவும் மறுக்கப்பட்டதாகவும், தமக்கு அறிவிக்கப்படவில்லை எனவும் குடும்பத்தார் முறையிட்டனர். 2013 இல் சுயாதீனக் குழுவொன்று அதனைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. நோயாளியைச் செவிமடுத்துப் பிறந்த அறிவு, செவிமடுத்தலை விட்டுப் படிவமாக மட்டும் எஞ்சியபோது நேர்ந்த கதி இது.

இரண்டாவது பிறழ்வு இதனினும் கொடியது. 1980 இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையொன்றில் ஐந்து வாக்கியங்களே கொண்ட கடிதமொன்று வெளியாயிற்று. வைத்தியசாலையில் தங்கி அபினி வகை மருந்து பெற்ற 11,882 நோயாளருள் நால்வரே அடிமைப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றது அக்கடிதம். வைத்தியசாலைக் கண்காணிப்பில் நிகழ்ந்ததைக் கூறிய அக்குறிப்பு, வீட்டில் நீண்டகாலம் இம்மருந்துகளை உட்கொள்வோருக்கும் பொருந்துவதாகப் பின்னர் நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் மேற்கோள் காட்டப்பட்டது. 1996 இல் அபினி வகை மாத்திரையொன்றைச் சந்தைப்படுத்திய நிறுவனம் நாட்பட்ட சாதாரண நோவுகளுக்கும் அதனைப் பரிந்துரைக்கும்படி வைத்தியரைத் தூண்டியது. அதன் துணைக் கம்பனி தவறான விளம்பரத்துக்காக 2007 இல் நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் பெருந்தொகையான அமெரிக்கர் அடிமைப்பட்டும் உயிரிழந்தும் போயினர். இறப்போருக்கென நிறுவப்பட்ட உண்மையொன்றை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்தமையால் விளைந்த அழிவு இது. ஆராய்ச்சி முடிவொன்று எவரைப் பற்றியது, எந்நிலையில் பெறப்பட்டது என்ற வினாவை விட்டுவிட்டால், முடிவு சரியாயிருந்தும் அதன் பயன்பாடு பிழையாகும்.

7. கேரளத்தின் விடை

இதே காலத்தில் உலகின் மறுபகுதியில் நிலவிய துன்பம் இதற்கு நேர்மாறானது. இந்தியா சட்டபூர்வமாக அபினி விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடாகும். ஆயினும் 1985 இல் இயற்றப்பட்ட போதைப்பொருட் சட்டத்தின் கடுமையான தண்டனைகளும் சிக்கலான அனுமதி முறைகளும் மருந்தகங்களை அச்சுறுத்தின. அடுத்த 12 ஆண்டுகளில் அந்நாட்டின் மருத்துவ மோர்பின் பயன்பாடு பத்திலொரு பங்கினும் கீழாக வீழ்ந்தது. அபினி விளைந்த நாட்டிலேயே புற்றுநோயாளருக்கு மோர்பின் கிட்டவில்லை.

1993 இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து நோவு மற்றும் தணிப்புப் பராமரிப்புச் சங்கம் தோன்றியது. மயக்கமருந்துத் துறை வைத்தியர்களான எம். ஆர். இராஜகோபால், கே. சுரேஷ்குமார் ஆகியோர் இதன் முன்னோடிகளாவர். சென்ற் கிறிஸ்தோபர்ஸ் போன்ற கட்டடத்தைக் கேரளத்தில் எழுப்புவது அவர்களின் வழியாகவில்லை. புறநோயாளர் நிலையமும் வீடு தேடிச் செல்லும் சேவையுமே அவர்களின் அடிப்படையாயின. வாய்வழி மோர்பினை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அது கள்ளச்சந்தைக்குச் செல்லும் என்ற அச்சத்துக்கு அவர்கள் தரவுகளாலேயே விடையளித்தனர். இரண்டு ஆண்டுகளில் இவ்வாறு மருந்து பெற்ற 1,723 நோயாளர் பற்றிய ஆய்வு 2001 இல் வெளியாயிற்று. தவறான பயன்பாடோ கடத்தலோ ஒன்றும் கண்டறியப்படவில்லை. சென்ற் ஜோசப்ஸ் குறிப்பேடு வைத்தியரின் அச்சத்துக்கு விடையிறுத்தது. கோழிக்கோட்டுக் குறிப்பேடு அரசின் அச்சத்துக்கு விடையிறுத்தது.

2001 அளவில் வடகேரளத்தில் உருவான அயலவர் வலையமைப்பு மேலுமொரு படி சென்றது. ஊரவர் பயிற்சி பெற்றுத் தொண்டராயினர். தம் அயலிலுள்ள நீண்டகால நோயாளரைக் கண்டறிந்து, தாதியும் வைத்தியரும் செல்லவேண்டிய வீடுகளைத் தாமே தீர்மானித்தனர். சிறு நன்கொடைகளைத் திரட்டிச் செலவை ஈடுசெய்தனர். நோயாளியின் வீட்டுக்கு அரிசியும் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகமும் சேர்ந்தே சென்றன. முழுநோவில் மருத்துவத்துக்குரியது ஒரு பகுதியே என்ற சோண்டர்ஸின் கொள்கை இங்கு சமூக அமைப்பாக வடிவெடுத்தது எனலாம். 2008 இல் கேரள அரசு தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்து, உள்ளூராட்சி மன்றங்களை இதனோடு இணைத்தது. 2014 இல் இந்தியப் பாராளுமன்றம் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி மருத்துவப் பயன்பாட்டுக்கு வழியை எளிதாக்கிற்று.

கேரள முறை எங்கும் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானது. உயர்ந்த எழுத்தறிவு, பரவலான ஆரம்ப சுகாதார சேவை, வலுவான உள்ளூராட்சி, பொதுப்பணிகளில் ஊறிய அரசியல் மரபு ஆகியன அங்கு முன்னரே இருந்தன. அவை இல்லாத இடத்தில் தொண்டரை மட்டும் திரட்டினால் அரசு தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் இடமுண்டு. மேலும் வீட்டுப் பராமரிப்பின் சுமை பெரும்பாலும் பெண்கள் மீதே விழுகின்றது என்பதும் மறத்தற்குரியதன்று.

8. எஞ்சிய வினா

2017 இல் லான்செற் சஞ்சிகையின் ஆணைக்குழு வெளியிட்ட கணிப்பின்படி, ஆண்டுதோறும் 6 கோடிக்கு மேற்பட்டோர் தணிக்கத்தக்க கடும் துன்பத்துக்கு ஆளாகின்றனர். உலகில் விநியோகிக்கப்பட்ட 298.5 மெற்றிக் தொன் மோர்பின்-நிகர் மருந்தில் மிக வறிய நாடுகளுக்குக் கிடைத்தது 0.1 தொன் மட்டுமே. ஒரு கரையில் மிகையினால் மரணம். மறுகரையில் இன்மையினால் வேதனை. இரண்டும் ஒரே மருந்தின் வரலாறே.

இவ்வரலாறு இலங்கைக்கு அயலானதன்று. கல்வியறிவிலும் இலவச சுகாதார சேவையிலும் கேரளத்தோடு அடிக்கடி ஒப்பிடப்படும் இந்நாட்டில், தணிப்புப் பராமரிப்புக்கான தேசிய உபாயச் சட்டகமொன்று 2019 முதல் 2023 வரையான காலத்துக்கென வகுக்கப்பட்டது. இத்தகைய சட்டகம் எழுத்தில் அமைவது முதற்படி. அது கிராமத்து வீடொன்றின் திண்ணைவரை செல்வதற்கு வேண்டியவை எவை என்பதை மேற்கூறிய வரலாறு தெளிவாகவே காட்டுகின்றது.

சென்ற் லூக்ஸ் தாதியரிடம் அறிவு வழக்கமாக இருந்தது. சோண்டர்ஸ் அதனைப் பதிவாக்கினார். ருவைகுறொஸ் அதனைச் சோதனைக்கு உட்படுத்தினார். உலக சுகாதார நிறுவனம் அதனை விதியாக்கிற்று. கோழிக்கோட்டு ஊரவர் அதனைத் தம் பொறுப்பாக்கினர். இவற்றுள் எந்த ஒன்றும் மற்றையவற்றை விட்டு நிலைபெறவில்லை. பரிவு மட்டும் இருந்த இல்லங்களில் நோவு முற்றாகத் தணியவில்லை. விதி மட்டும் இருந்த வாட்டுகளில் மனிதர் புறக்கணிக்கப்பட்டனர். இலாபத்தின் கையிற் சிக்கிய ஆய்வு உயிர்களைக் குடித்தது.

சோண்டர்ஸ் 2005 இல், தாம் நிறுவிய சென்ற் கிறிஸ்தோபர்ஸ் ஹொஸ்பிசிலேயே, தாம் எவருக்காக உழைத்தாரோ அவர்களுள் ஒருவராகப் புற்றுநோயினால் இறந்தார். அவ்வில்லத்தின் முகப்பில் டாஸ்மாவின் நினைவாக அமைந்த சாளரம் இன்றும் உள்ளது. ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்ற கூற்று மருத்துவ முடிவன்று. அறிவையும் மருந்தையும் மனிதரையும் ஒரு படுக்கையருகே கொண்டுசேர்க்கத் தவறிய சமூகமொன்றின் ஒப்புதலே அது. அச்சமூகத்தை மாற்றுவது மருத்துவ பீடத்துக்கு மட்டும் உரிய பணியன்று.